நாளைய விண்வெளியின் நாவல்கள்: தேர்ந்து வாசிக்க ஒரு வழிகாட்டி

அறிவியல் புனைகதை என்னும் பெரும்பரப்பில், ஏறக்குறைய அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் நிகழக்கூடிய விண்வெளி வாழ்வை, இன்று அறியப்பட்ட இயற்பியல் விதிகளை மீறாமல் சித்திரிக்கும் நாவல்கள் தனி வகையாக நிற்கின்றன. ஒளியை முந்தும் கப்பல்களும் விண்மீன்களுக்கிடையே பரந்த பேரரசுகளும் இவற்றில் இடம்பெறுவதில்லை. எஞ்சியுள்ள எரிபொருள், கலனுக்குள் இருக்கும் காற்று, ஒரு செய்தி சென்று சேர ஆகும் நேரம், மனித உடலின் தாங்குதிறன் ஆகியவையே இங்கே கதையை நகர்த்துகின்றன. இவ்வகையைச் சேர்ந்த, அல்லது இதன் எல்லையில் நிற்கும் எட்டு நாவல்களை ஒப்பிட்டு, எந்த வாசகருக்கு எது பொருந்தும் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த வகை சென்னையின் மேற்குப் புறநகர் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள குத்தம்பாக்கத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாள்களில் ராக்கெட் விட்டுச்செல்லும் புகைத்தடத்தைச் சென்னைப் பகுதியிலிருந்தே காண முடிகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் ஆவடியின் தளவாடத் தொழிற்சாலைகளிலும் உழைத்தோருக்கு, ஒரு வால்வோ ஒரு வெல்டிங் இணைப்போ பழுதானால் முழு இயந்திரமும் நின்றுபோகும் என்பதைப் புத்தகம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே இந்நாவல்களின் இயல்பான வாசகர்கள் இப்பகுதியில் ஏராளமாக இருக்கிறார்கள் என்று கொள்வது மிகையாகாது.

மெய்ம்மையை அளக்கும் மூன்று கேள்விகள்

ஒரு விண்வெளி நாவல் மெய்ம்மை உடையதா என்பதை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். முதலாவது, எரிபொருள் பற்றியது. ஒரு கலன் தன் பாதையை மாற்றிக்கொள்ளத் தேவைப்படும் திசைவேக மாற்றத்தைப் பொறியாளர்கள் 'டெல்டா-வி' என்று அழைப்பர். அதன் அளவு கூடக்கூட, சுமக்க வேண்டிய எரிபொருள் அதைவிட வேகமாகப் பெருகும். 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஏவப்பட்ட மங்கள்யானை நேரடியாகச் செவ்வாயை நோக்கி அனுப்பும் ஆற்றல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இல்லாததால், கலன் பூமியைச் சுற்றியபடியே கட்டங்கட்டமாகத் தன் பாதையை உயர்த்திக்கொண்ட பின்னரே அங்கிருந்து விடுபட்டு, 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயை அடைந்தது. இந்தக் கட்டுப்பாட்டை உணராத நாவல், எத்தனை கருவிகளின் பெயர்களை அடுக்கினாலும், மெய்ம்மை உடையதாகாது.

இரண்டாவது கேள்வி, தொலைவு காலமாக மாறுவதைப் பற்றியது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு வானொலிச் செய்தி சென்றுசேர, இரு கோள்களின் இருப்பிடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். எனவே அங்கிருப்பவர் ஆபத்து வேளையில் பூமியின் அறிவுரைக்காகக் காத்திருக்க இயலாது. மூன்றாவது, உடலையும் சமூகத்தையும் பற்றியது. எடையற்ற நிலையில் வாழ்வோரின் எலும்புகள், இடுப்பு போன்ற உடற்பகுதிகளில், மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன; பூமியின் காந்தப்புலக் காப்புக்கு அப்பால் கதிர்வீச்சும் கூடுகிறது. இவற்றோடு, அங்கே செல்வதற்கான பணத்தைத் தருபவர் யார், அங்குள்ள காற்றுக்கும் நீருக்கும் உரிமையாளர் யார் என்பவற்றையும் நாவல் கேட்டாக வேண்டும். ஒரு கருவியைத் தவறாக வருணிப்பது மன்னிக்கத்தக்க பிழை. ஒரு வரம்பு இருப்பதையே மறைப்பது அவ்வாறு மன்னிக்கத்தக்கதன்று. வரம்பையே கதையாக்குவதுதான் இவ்வகையின் கலை.

செவ்வாய்: தனிமனிதரும் சமூகமும்

செவ்வாயைப் பற்றிய இரு நாவல்கள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. ஆண்டி வியர் 2011-இல் தாமே வெளியிட்டு, 2014-இல் பதிப்பகம் வழியே பரவலான 'தி மார்ஷியன்', செவ்வாயில் தனித்து விடப்பட்ட மார்க் வாட்னி என்னும் தாவரவியலாளர் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் தரிப்பதைச் சொல்கிறது. ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைச் சிதைத்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்து நீர் உண்டாக்குவது போன்ற ஒவ்வொரு செயலும் கணக்கோடு விளக்கப்படுவதால், பள்ளி வேதியியல் அறிந்தவரும் கதையோடு சேர்ந்தே கணக்கிட முடிகிறது. இதில் இரு குறைகள் உண்டு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், கதையைத் தொடங்கிவைக்கும் புயலுக்குக் கலனைச் சாய்க்கும் வலிமை இருக்காது. இதை ஆசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார். அம்மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சு உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் கலன் கண்டறிந்திருந்தும், உருளைக்கிழங்கு வயல் அதனைக் கருதவில்லை. எனினும் எரிபொருள், காலம் ஆகிய இரு கேள்விகளுக்கும் இந்நாவல் நேர்மையாக விடையளிக்கிறது.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'ரெட் மார்ஸ்' 1992-இல் வெளியானது. 2026-இல் பூமியிலிருந்து புறப்படும் முதல் நூறு குடியேறிகளோடு தொடங்கும் இக்கதை, அவர்கள் கோளின் இயல்பை மாற்றலாமா, அப்படியே காக்க வேண்டுமா என்று பிளவுபடுவதையும், பூமியின் பெருநிறுவனங்கள் கனிமங்களுக்காக வந்து சேர்வதையும், இறுதியில் கிளர்ச்சி வெடிப்பதையும் பொறுமையாக விரித்துரைக்கிறது. கதையின் ஆண்டுக்கணக்கு மெய்யாகவில்லை என்றாலும், அது எழுப்பும் அரசியல் கேள்வி சற்றும் பழமையடையவில்லை. எந்த நாடும் வான்பொருள்கள்மீது இறையாண்மை கோரக்கூடாது என்று 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது; ஆனால் தோண்டியெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை அது தெளிவாகத் தீர்க்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் ராபின்சனின் நாவல் முழுவதும் வாழ்கிறது.

குத்தம்பாக்கத்து வாசகருக்கு இந்நாவலின் விவாதங்கள் அறிமுகமானவையாகவே தோன்றும். வேதிப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி 1996-இல் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற பின்னர், உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களால் வீடு கட்டுவது, வெவ்வேறு சாதியினர் அருகருகே வாழும் சமத்துவபுரத்தை அமைப்பது, அண்டை ஊர்களோடு சேர்ந்து தன்னிறைவு பெறும் பொருளாதாரத்தை வளர்ப்பது ஆகியவற்றில் இவ்வூர் ஈடுபட்டது. கிடைக்கும் மண்ணைக்கொண்டே உறைவிடம் எழுப்புவது, புதிய குடியிருப்பில் பழைய ஏற்றத்தாழ்வு நுழையாமல் காப்பது, வெளியிலிருந்து வரும் சரக்கைச் சார்ந்திராமல் வாழ்வது ஆகிய மூன்றுமே ராபின்சனின் குடியேறிகளுக்கும் தலையாய சிக்கல்கள். விரைந்து நகரும் கதையை நாடுவோருக்கு 'தி மார்ஷியன்' ஏற்றது. ஓர் ஊரை எப்படி ஆள்வது என்று சிந்திப்போருக்கு 'ரெட் மார்ஸ்' ஏற்றது.

நிலவு: காற்றின் விலை

நிலவைக் களமாகக் கொண்டவற்றுள் ஆண்டி வியரின் 'ஆர்ட்டெமிஸ்' (2017), இயன் மெக்டொனால்டின் 'லூனா: நியூ மூன்' (2015) ஆகிய இரண்டையும் ஒப்பிடலாம். முன்னது, கென்யா தலைமையேற்று எழுப்பிய சிறிய நிலவு நகரத்தில் கடத்தல் தொழில் செய்யும் இளம்பெண்ணின் சாகசக் கதை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்து கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியே ராக்கெட்டுக்குக் கூடுதல் வேகம் தரும் என்பதால் கென்யாவைத் தேர்ந்தது பொருளுள்ள கற்பனை. அந்நகரத்தின் ஆக்சிஜன், அனார்த்தைட் என்ற கனிமத்தை உருக்கி அலுமினியம் எடுக்கும்போது கிடைக்கிறது. அக்கனிமம் மிகுந்த அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைப்பதும், சந்திரயான் தரையிறங்கு கலன்களின் சோதனைக்கு அப்பாறையிலிருந்தே நிலவு மண்ணை ஒத்த துகள்கள் செய்யப்பட்டதும் தமிழ் வாசகருக்கு இந்நாவலை நெருக்கமாக்கும்.

மெக்டொனால்டின் நாவலில் காற்று, நீர், கார்பன், தகவல் ஆகிய நான்குக்கும் ஒவ்வொருவரும் நொடிதோறும் கட்டணம் செலுத்துகிறார்கள். குற்றவியல் சட்டம் என்று ஒன்று இல்லை, ஒப்பந்தங்கள் மட்டுமே உண்டு. ஐந்து தொழிற்குடும்பங்கள் நிலவைப் பங்கிட்டுக்கொண்டு மோதுகின்றன. பொறியியல் துல்லியத்தில் 'ஆர்ட்டெமிஸ்' முந்துகிறது; மூச்சுவிடவும் பணமில்லாத ஏழையின் அச்சத்தை உணர்த்துவதில் 'லூனா' வெகுதூரம் முன்னே செல்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாசிக்க இயலும் எனில் 'லூனா'வையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அதன் வன்முறையும் பாலியல் வெளிப்படைத்தன்மையும் அதை வயதுவந்தோருக்கு மட்டுமே உரியதாக்குகின்றன.

பூமிக்கு அருகே

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1979-இல் வெளிவந்து ஹ்யூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்ற அவருடைய 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', தரையிலிருந்து புவிநிலைச் சுற்றுப்பாதைவரை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் பாதைவரை, ஒரு மின்தூக்கி அமைக்கும் பொறியாளரைப் பற்றியது. சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் மாதிரியாகக் கொண்ட களங்கள் இதில் வருகின்றன. அறிவியல் தேவைக்காகத் தீவையே தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்ததைக் கிளார்க் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அந்த மின்தூக்கியைத் தாங்கும் அளவுக்கு வலிய இழையை அத்தனை நீளத்துக்கு உருவாக்க இன்னும் இயலவில்லை என்பதாலும், கதை 22-ஆம் நூற்றாண்டில் நடப்பதாலும், இது பட்டியலின் எல்லையில் நிற்கிறது. எனினும் மலைமேல் வாழும் துறவிகளின் உரிமையும் பொறியாளரின் கனவும் மோதும் பகுதிகளுக்காகவே இதை வாசிக்கலாம்.

சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 2023-இல் வெளிவந்து 2024-ஆம் ஆண்டின் புக்கர் பரிசை வென்றது. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் ஒரே நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றுவதே அதன் கதை முழுவதும். இங்கே விபத்தோ வில்லனோ இல்லை. சதை மெலிவதைத் தடுக்கும் உடற்பயிற்சியும், தாயின் மரணச் செய்தியும், கீழே உருவாகும் பெரும்புயலும் இருக்கின்றன. கவிதைநடையை விரும்புவோர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். நிகழ்ச்சித் திருப்பங்களை எதிர்பார்ப்போர் ஏமாற்றமடைவர்.

டேனியல் சுவாரஸின் 'டெல்டா-வி' (2019), ரியுகு என்ற சிறுகோளில் கனிமம் எடுக்கப் பெருஞ்செல்வர் ஒருவர் அனுப்பும் குழுவைப் பற்றியது. அதே ரியுகுவின் மண்ணை ஜப்பானின் ஹயபுசா-2 கலன் 2020 டிசம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது. பாத்திரங்கள் மெல்லியவை என்றாலும், முதலீடு, சட்டம், எரிபொருள் ஆகிய மூன்றும் பின்னிக்கிடப்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நாவல் இப்பட்டியலில் இல்லை. நீல் ஸ்டீவன்சனின் 'செவன்ஈவ்ஸ்' (2015) நிலவு சிதறுவதில் தொடங்கி, பூமி அழியுமுன் விண்வெளி நிலையத்தைச் சுற்றி மனிதகுலம் புகலிடம் அமைப்பதைச் சொல்கிறது. அதன் முதல் இரு பகுதிகள் சுற்றுப்பாதை இயக்கவியலின் பாடநூலுக்கு நிகரானவை. ஐயாயிரம் ஆண்டுகள் தாவும் மூன்றாம் பகுதி இவ்வகைக்கு வெளியே சென்றுவிடுகிறது. எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் இந்நூல் முதல் வாசிப்புக்கு உரியதன்று.

யாருக்கு எது?

மேல்நிலைப் பள்ளி மாணவரும் ஆங்கில நாவல் வாசிப்பைப் புதிதாகத் தொடங்குவோரும், நாட்குறிப்பு நடையில் எளிய சொற்களால் அமைந்த 'தி மார்ஷியன்' நூலிலிருந்து தொடங்குவது நல்லது. வசைச்சொற்கள் கலந்திருப்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். தொழில்முனைவோருக்கு 'டெல்டா-வி', இலக்கிய வாசகருக்கு 'ஆர்பிட்டல்', ஈழத்து நிலத்தை அறிந்தோருக்குக் கிளார்க்கின் நாவல், பொறியியல் மாணவருக்கு 'செவன்ஈவ்ஸ்' நூலின் முதல் இரு பகுதிகள், உள்ளாட்சியிலும் தொழிற்சங்கத்திலும் ஈடுபாடு கொண்டோருக்கு 'ரெட் மார்ஸ்', அதன் பின்னர் 'லூனா' என்பது இவ்வழிகாட்டியின் பரிந்துரை. வாழ்நாளில் இவற்றுள் ஒன்றையே வாசிக்கப் போகிறவருக்கு 'ரெட் மார்ஸ்' உரியது. ஏனெனில் விண்வெளிக்குச் செல்வது எப்படி என்பதோடு நின்றுவிடாமல், சென்ற இடத்தில் நீதியோடு வாழ்வது எப்படி என்று அது கேட்கிறது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகளும், ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பும் அறிவியல் புனைவுக்கு உறுதியான அடித்தளம் இட்டுள்ளன. அத்தளத்தின்மீது, எரிபொருள் கணக்கையும் உழைப்பாளியின் வாழ்வையும் இணைக்கும் விண்வெளி நாவல்கள் இன்னும் பெருக வேண்டும். அதற்கான பொருள் இங்கேயே குவிந்து கிடக்கிறது: மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன, இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கி ஏவுவதற்காகக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது, சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் உருவான எந்திரம் கொண்ட ராக்கெட்டை 2024 மே 30-இல் ஏவிக் காட்டியது. வாசகர்கள் இந்நூல்களைத் தத்தம் ஊர் நூலகங்களில் கேட்டு வாங்கச் செய்ய வேண்டும். அவற்றை வாசித்து வளரும் தலைமுறையிலிருந்து, குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கும் தமிழ் நாவலை எழுதுவோர் முன்வர வேண்டும்.