ஒளு செய்யும் இடத்தில் ஓர் ஆய்வு

கல்வி உதவித்தொகை கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நேர்காணலில் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “சுற்றுச்சூழல் பாடத்துக்கு என்ன புராஜெக்ட் செய்தீர்கள்?” பலருக்குத் தலைப்பே நினைவில் இருப்பதில்லை. போன வருடத்து மாணவரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அதை வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடுகிறவர்களும் இருக்கிறார்களே!

உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் எல்லா இளநிலைப் பட்ட வகுப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் இது. பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்த பாடத்திட்டம் 100 மதிப்பெண்ணில் 25-ஐக் களப்பணிக்கே ஒதுக்கியது. ஊரில் உள்ள ஆறு, குளம், மாசுபட்ட இடங்களை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பதே அதன் நோக்கம். பி.காம். பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இதற்காக வெகுதூரம் போக வேண்டாம், நம் பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடம் போதும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் ஒளு செய்ததாக புகாரி, முஸ்லிம் நூல்களில் வந்துள்ளது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். குழாயைத் திறந்துவைத்து ஒளு செய்யும் நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்?

முதலில் முத்தவல்லியிடமும் இமாமிடமும் அனுமதி பெற வேண்டும். பிறகு 10 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 75 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். அந்தக் குழாயை ஒன்றரை நிமிடம் திறந்து வைப்பவர் 12 லிட்டர் செலவழிக்கிறார்.

ஆனால் நோட்டுடன் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எவரும் குழாயைச் சிறிதாகத்தான் திறப்பார். அதற்குப் பதில் மேல்நிலைத் தொட்டியை அளக்கலாம். தொட்டியின் உட்புறம் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்றால், நீர்மட்டம் 1 செ.மீ. இறங்குவது 20 லிட்டருக்குச் சமம். மோட்டார் ஓடாத நேரத்தில் அஸருக்கு முன்பும் பின்பும் மட்டத்தைக் குறித்து, ஒளு செய்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆள் ஒன்றுக்கான சராசரி கிடைத்துவிடும். ஒரு நாள் கணக்கு போதாது, ஒரு வாரமாவது எடுக்க வேண்டும். ஜும்ஆ நாளைத் தனியாக எழுத வேண்டும்.

இதே தொட்டியை இஷாவுக்குப் பின் குறித்துவிட்டு, ஃபஜ்ருக்கு ஆட்கள் வருமுன் மீண்டும் பார்க்கச் சொல்வோம். இரவில் யாரும் குழாயைத் தொடவில்லை, ஆனாலும் மட்டம் 3 செ.மீ. இறங்கியிருக்கிறது என்றால் 60 லிட்டர் கசிந்திருக்கிறது. “தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்” என்று பலகை எழுதி மாட்ட நினைத்த பிள்ளைக்கு, பலகையைவிட வாஷர் மாற்றுவதுதான் முதல் வேலை என்று அப்போது விளங்கும். அளக்காமல் ஆலோசனை சொன்னால் பழி தொழ வருகிறவர் மீது விழும், கசிவு அப்படியே இருக்கும்.

வாஷர் மாற்றிய பின் மறுபடி ஒரு வாரம் அளக்க வேண்டும். குறைந்ததா இல்லையா, வந்தது எதுவோ அதையே எழுத வேண்டும். எதிர்பார்த்த எண் வரவில்லை என்று திருத்தி எழுதுவதும் ஜெராக்ஸ் நோட்டும் ஒன்றுதான்.

பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் இன்றும் இருக்கிறது. அங்கே கையால் அள்ளிச் செய்யும் ஒளுவுக்கும் குழாயில் செய்யும் ஒளுவுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு மாணவர் எடுத்துக்கொள்ளலாம். வழிந்தோடும் நீரில் சோப்பு கலப்பது குறைவு என்பதால், அதைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்ப முடியுமா என்பதும் நல்ல தலைப்பு. வீட்டிலிருந்தே செய்ய விரும்பும் மாணவியர் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை ஒரு வாளியிலும், குடிக்கக் கிடைக்கும் நீரை இன்னொன்றிலும் பிடித்து ஒப்பிடலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. புராஜெக்டுக்குப் பணம் கேட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாளி, அளவு நாடா, அனுமதிக் கடிதம் எல்லாம் நம் அலுவலகத்தில் கிடைக்கும். இன்ஷா அல்லாஹ், முடித்துக் கொண்டுவரும் பிள்ளைகளின் கணக்கை ஜமாஅத் கூட்டத்தில் அவர்களையே வாசிக்கச் செய்வோம்.