அடுப்பை அணைத்தபின் வேகும் சோறு

உலை கொதித்த பிறகு நாம் எரிக்கும் கேஸில் பெரும்பகுதி, பாத்திரத்திலிருந்து வெளியேறும் சூட்டை ஈடுகட்டவே செலவாகிறது. அந்தச் சூட்டை அடைத்து வைத்தால் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு பெட்டி போதும்.

மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். மீன் பெட்டி வேண்டாம், வாடை போகாது. தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அசைந்தால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பெட்டிக்குள் காலி இடம் விடாமல் பழைய வேட்டி, புடவைகளை அடையுங்கள். ஆனால் இறுக்கித் திணித்தால் துணிக்குள் இருக்கும் காற்றும் போய்விடும். அடியில் நான்காக மடித்த சாக்கு அவசியம். 100 டிகிரிச் சூடு நேராகப் பட்டால் தெர்மாகோல் இளகிவிடும்.

பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அடிகனமான பாத்திரத்தில் முக்கால் அளவு வரும்படி உலை வையுங்கள். ஆவி வெளியேறாததால் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவான தண்ணீர் போதும். மூடி போட்டு 5 முதல் 7 நிமிடம் தளதளவெனக் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்த கையோடு பெட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தலையணையை வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு தயார். புழுங்கலரிசிக்குக் கொதியும் நேரமும் கூடுதலாக வேண்டும். நடுவில் திறந்து பார்க்கத் தோன்றும். பார்த்தால் ஆவியோடு சூடும் போய்விடும்.

ஒரு ஆளுக்கான சின்ன உலைக்கு இது சரிவராது, கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். ராஜ்மாவையும் இதில் வைக்காதீர்கள். அதிலுள்ள நச்சு முறிய நன்றாகக் கொதித்தே ஆகவேண்டும். சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறினால் கிருமி பெருகும். எனவே இரவு முழுக்க விடாமல், சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

கோடையில் இதே பெட்டி ஐஸையும் காக்கும். சென்னை ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். அங்கே வைத்திருந்த அமெரிக்க ஐஸும் உருகாமலிருக்க, இதேபோல மரத்தூள் பொதிந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்தது.

ஒவ்வொரு முறை சமைத்த பிறகும் பெட்டியில் அடைத்த துணிகளை வெயிலில் காயப்போட மறக்காதீர்கள். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஈரத்துணி அடைத்த பெட்டியில் சோறு அரைவேக்காடாகத்தான் கிடைக்கும்.