ஷார்டனே வாங்கப் போகிறீர்களா? மாக்கோன் பக்கம் பாருங்கள்

வெள்ளை பர்கண்டி ஒயின் என்றதும் பலருக்கும் மெர்சோ, புலின்யி-மொன்ராஷே என்ற பெயர்கள்தான் வாயில் வரும். கொடுக்கிற காசில் பெரும்பங்கு அந்தப் பெயருக்கே போய்விடும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் தென்கோடியில், மாக்கோன் நகரைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளில் விளைவதும் அதே ஷார்டனே திராட்சைதான். ஷார்டனே என்றே ஓர் ஊர்கூட அங்கே உண்டு. தலைமுறை தலைமுறையாக, செயற்கை ரசாயனம் தொடாமல் பயிர் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. பிரான்சில் கடை ஏறி வாங்குகிறவர்களுக்கு என் யோசனைகள் இவை.

செய்ய வேண்டியவை

• லேபிளின் அடியில் உள்ள பொடி எழுத்தை முதலில் படியுங்கள். 'மீ ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்றிருந்தால், திராட்சை விளைந்த தோட்டத்துக்காரரே பாட்டிலில் அடைத்தார் என்று பொருள். 'ஆ லா ப்ரொப்ரியேத்தே' என்று கூட்டுறவுச் சங்கங்களும் போடலாம். மாக்கோன் பகுதியில் அவை ஏராளம். சங்கத்து ஒயின் மட்டமில்லை, ஆனால் அது ஒரு குடும்பத்தின் கைச்சரக்கும் இல்லை.

• இயற்கை வேளாண்மைக்கு அடையாளம், நட்சத்திரங்களால் ஆன பச்சை இலை முத்திரை. 2012 அறுவடை முதல்தான் ஒயினுக்கே அந்தத் தகுதி வந்தது. அதற்கு முன் 'இயற்கைத் திராட்சையிலிருந்து' என்று மட்டுமே போட முடியும். இந்த முத்திரை சும்மா கிடைப்பதில்லை. மாறுவதற்கே மூன்று ஆண்டுகள் ஆகும். களைக்கொல்லி கிடையாது, கொத்திக் களையெடுக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சையைத் தடுக்கச் செம்பும் கந்தகமும்தான் முக்கியத் துணை. செம்புக்கும் அளவுண்டு: ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ. ஈரமான ஆண்டில் விளைச்சல் கண்முன்னே கரையும். அதனால் பக்கத்துப் பாட்டிலைவிட ஓரிரு யூரோ கூடினால் நான் பேரம் பேச மாட்டேன்.

• மாக்கோன் என்ற சொல்லோடு ஊர்ப்பெயரும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள்: லுன்யி, க்ரூஸில் போல. க்ரூஸிலில் கியோ குடும்பம் 1950களிலிருந்தே செயற்கை ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறது, அந்த முத்திரை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே.

• 1999இல் தனி அங்கீகாரம் பெற்ற வீரே-க்ளெஸ்ஸேயும் கவனிக்க வேண்டிய பெயர்.

செய்யக்கூடாதவை

• மாக்கோன் பகுதியிலேயே உள்ள புயி-ஃபுய்ஸ்ஸே என்ற பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள். 2020 அறுவடை முதல் அங்கே 22 நிலங்களுக்கு 'ப்ரெமியே க்ரூ' என்ற உயர்தரப் பட்டம் கிடைத்திருக்கிறது. பட்டம் வந்தால் விலை சும்மா இருக்குமா? அதன் வடக்கிலும் தெற்கிலும் ஒட்டிக் கிடக்கும் சேன்-வெரானைக் கேளுங்கள்.

• இயற்கை ஒயின் என்றால் சல்ஃபைட்டே இருக்காது என்று நம்ப வேண்டாம். இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் சாதாரண வகைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விடுகிறார்கள், இயற்கை வகைக்கு 150. குறைவுதான், பூஜ்யம் அல்ல.

• வெனிலா வாசனையைத் தரம் என்று எண்ணாதீர்கள். பர்கண்டியின் 228 லிட்டர் ஓக் பீப்பாய் புதிதாக வாங்கினால் விலை அதிகம். மிக மலிவான ஷார்டனேயில் வெனிலா தூக்கலாக அடித்தால், தொட்டியில் ஓக் சீவல் போட்டிருக்க வாய்ப்புண்டு. 2006 முதல் ஐரோப்பிய விதிகள் அதை அனுமதிக்கின்றன. வெண்ணெய் மணம் வேறு கதை: ஆப்பிளின் புளிப்பான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வருவது. அதற்குப் பீப்பாயே தேவையில்லை. பீப்பாய்ச் சுவைதான் வேண்டும் என்பவர்கள் தெற்கே லிமூவுக்குப் போகலாம். அங்கே வெள்ளை ஒயினை ஓக் பீப்பாயில்தான் நொதிக்க வைக்க வேண்டும் என்பது விதி.

• ஒரே தோட்டத்துப் பாட்டில் ஆண்டுதோறும் ஒரே ருசியில், ஒரே விலையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனி பர்கண்டியின் ஷார்டனே துளிர்களைக் கருக்கிவிட்டது.

• ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு ஊற்றாதீர்கள். 11, 12 டிகிரி போதும், அதற்குக் கீழே மணம் எழாது.

• சாதாரண மாக்கோனைப் பரணில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திறந்துவிடுங்கள்.

• தோட்டத்துக்கே போவதானால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள், அதுவும் அறுவடை நேரத்தில். சுவைக்கத் தருபவரே அப்போது பிழிபொறி பக்கத்தில் நிற்பார்.