டாலர் விலையும் நாட்டின் வளமும்

டாலரின் விலை ஏறியதாகச் செய்தி வந்தால், அடுத்த நாள் எங்கள் கிளைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அப்படியானால் நம் நாடு ஏழையாகி வருகிறதா?" மாற்று விகிதத்தைத் தேர்வு மதிப்பெண்ணாகக் கருதுவதால் பிறக்கும் கவலை இது.

ஒரு ரூபாய்க்கு ஒன்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய யென் கிடைக்கும். இந்தோனேசிய ருப்பியாவோ நூறுக்கும் மேல் கிடைக்கும். ஆயினும் இவ்விரு நாடுகளிலும் தனிநபர் வருமானம் நம்முடையதைவிட அதிகம். ஜோர்டான் நாட்டின் ஒரு தினார் ஒரு டாலரைவிட மதிப்பு மிக்கது. அதனால் ஜோர்டானியர் அமெரிக்கரைவிடச் செல்வந்தர் ஆகிவிடவில்லை. நாணய அலகின் அளவு வேறு, அதை ஈட்டும் மக்களின் உழைப்புத் திறன் வேறு. துருக்கி 2005இல் தன் லிராவிலிருந்து ஆறு சுழியங்களை நீக்கியது. சம்பளத்திலும் ரொட்டி விலையிலும் அதே ஆறு சுழியங்கள் மறைந்தனவே தவிர, எவர் வீட்டிலும் ஒரு ரொட்டி கூடவில்லை.

ஜப்பானின் வரலாறு இதனினும் தெளிவானது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்பதே அங்கு நிலையான விகிதம். போரில் சிதைந்த அந்நாடு எஃகு, கப்பல், மோட்டார் வாகனம் எனத் தொழில்களைப் பெருக்கி உலகின் முன்னணிக்கு வந்தது அந்த விகிதத்தில்தான். 1985ஆம் ஆண்டின் பிளாசா உடன்படிக்கைக்குப் பின் சில ஆண்டுகளில் யென்னின் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஏற்றுமதியாளர் திணறினர், அதை ஈடுகட்ட வட்டி குறைக்கப்பட்டது, மலிவான கடனில் நில விலையும் பங்கு விலையும் வீங்கி, 1990களில் சரிந்தன. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வலுத்த நாணயம் அந்நாட்டைக் காக்கவில்லை.

இதனால் விகிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதியே. ரூபாய் விரைந்து சரிந்தால் லாரி வாடகை வழியாக அச்சரிவு காய்கறி விலைக்கும் வந்து சேரும். அதே சரிவு ஆடை ஏற்றுமதியாளருக்கும், வளைகுடாவிலிருந்து பணம் பெறும் குடும்பத்துக்கும் ஆதாயம்.

ஆகவே, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை டாலரில் செலுத்த வேண்டியவர் மாற்று விகிதத்தைக் கவனிக்கட்டும். ஓய்வூதியத்தில் இங்கேயே வாழ்பவர் கவனிக்க வேண்டியது விலைவாசியை. வைப்புத்தொகைக்கு 7 விழுக்காடு வட்டி, விலைவாசி உயர்வு 5 விழுக்காடு என்று கொண்டால், வரிக்கு முன் அவர் கையில் உண்மையாகக் கூடுவது ஏறத்தாழ 2 விழுக்காடே.