நெடுந்தீவுப் பயணிகளுக்குக் காற்றுத் தகவல்: நிரலை நிதானமாக ஓடவிடுவது எப்படி?

சோளகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவானுக்குப் புறப்படுமுன் கடலின் நிலை தெரிந்தால் நல்லது. காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் டெலிகிராமில் அனுப்பும் நிரலை ஒரு மாலையிலேயே எழுதிவிடலாம். அது முடங்காமல் ஓடுவதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் தரவு. ஓப்பன்-மீட்டியோவின் ஏபிஐ, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 அழைப்புகள் வரை இலவசம், டோக்கனும் கேட்பதில்லை. அதற்காக, பயனர் கேட்கும்போதெல்லாம் அதைத் தட்டாதீர்கள். முன்னறிவிப்பு மாதிரிகள் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறைதான் புதிதாகக் கணிக்கப்படுகின்றன. மணிக்கு ஒருமுறை எடுத்துக் கோப்பில் சேமித்து, எல்லாருக்கும் அதிலிருந்தே பதில் கொடுங்கள். நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் தனித்தனியாகக் கேட்பது வீண். மாதிரியின் கட்டமொன்று பல கிலோமீற்றர் அகலமானது. குறிகட்டுவான், நெடுந்தீவு என இரு புள்ளிகள் போதும். காற்றுக்கும் அலைக்கும் வெவ்வேறு அழைப்பு, ஆக நாளுக்கு 96. நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று குறிக்க மறந்தால் நேரங்கள் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும்.

அடுத்தது டோக்கன். டெலிகிராமின் பாட்ஃபாதர் தரும் அந்த எழுத்துச்சரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் நிரலின் பெயரில் பேசலாம். நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை கிட்டில் சேர்க்காதீர்கள். தவறிப்போய் கிட்ஹப்பில் ஏறிவிட்டால் அந்த வரியை அழித்துப் பயனில்லை, பழைய பதிப்புகளில் அது கிடக்கும். பாட்ஃபாதரிடம் ரிவோக் கட்டளை கொடுத்துப் புதியதை வாங்குங்கள்.

அனுப்புவதற்கும் வரம்பு உண்டு: ஓர் அரட்டைக்கு விநாடிக்கு ஒரு செய்தி, குழுவுக்கு நிமிடத்துக்கு 20. நூறு பேருக்குத் தனித்தனியே அனுப்புவதைவிட, ஒரு சேனல் தொடங்கி ஒரே பதிவு போடுவது மேல்.

இத்தனைக்கும் பிறகு 429 என்ற பதில் வந்தால், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று டெலிகிராமே அதில் சொல்லும். அந்த எண்ணுக்குக் கட்டுப்படுங்கள். எண் தராத சேவையென்றால் 2, 4, 8 விநாடி என இரட்டித்து, ஐந்தாறு முறையோடு நிறுத்துங்கள். 401 வந்தால் மீண்டும் முயலவே வேண்டாம். டோக்கன் செல்லாது என்று பொருள். மின்வெட்டுக்குப் பின் இணைப்பு மீளும்போது, தேங்கிய பழைய செய்திகளை வீசிவிட்டுப் புதியதை மட்டும் அனுப்புங்கள். பழைய காற்றை யாருக்குச் சொல்லி என்ன?

ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: கரையோரத்தில் அலைக் கணிப்பின் துல்லியம் குறைவு, வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையும் பார்த்தே புறப்படவும்.