கழிக்கரையில் மறைவிடம் தேர்வது எப்படி?

ஓடைக்கரையில் பரண் கட்டி, மான் வரும் வழியில் துப்பாக்கியோடு காத்திருப்பதை அமெரிக்க வேட்டைக்காரர்கள் இன்றும் உரிமம் வாங்கிச் செய்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தண்ணீரையும் வெளிச்சத்தையும் காற்றையும் கணக்குப் பார்த்து ஓரிடத்தில் அசையாமல் உட்காரும் திறமையைத் துப்பாக்கியோடு சேர்த்து இழக்க வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து இடையஞ்சாவடியிலிருந்து கிழக்கே இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈ.சி.ஆர்) பிடித்து வடக்கே போனால், அந்தத் திறமையை அப்படியே பயன்படுத்தக் கழுவெளி இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தச் சதுப்பு நிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. பரப்பு 5,151 எக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உப்புக்கல்லி ஓடையும் இடையன்திட்டு கழிமுகமும் இதைக் கடலோடு இணைக்கின்றன. உள்ளே நன்னீர், ஓடையில் உவர்நீர், கழிமுகத்தில் கடல்நீர், பக்கத்திலேயே உப்பளம் என்று இருப்பதால், எங்கே உட்காருகிறோம் என்பதை வைத்துத்தான் எதைப் பார்க்கிறோம் என்பதே முடிவாகும்.

முதல் வேலை அனுமதி. சரணாலய எல்லைக்குள் போக வனத்துறையைக் கேளுங்கள். உப்பள வரப்பில் உட்காருவதென்றால் அங்குள்ள மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். மிதித்துச் சமன் செய்த தரை அது, அடுத்தவர் உழைப்பு. எந்தப் பாத்தியில் காலையில் கூட்டம் இறங்குகிறது என்பதை உப்பளத் தொழிலாளிகளை விடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர்களைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, முந்தின நாள் வெயில் நேரத்தில் ஒருமுறை கரையோரம் நடந்து பாருங்கள். பறவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சேறு எல்லாவற்றையும் சொல்லிவிடும். வெள்ளை எச்சம் திட்டுத்திட்டாகக் கிடந்தால் அது கூட்டம் நின்று ஓய்வெடுக்கும் இடம். ஈரச் சேற்றில் பென்சில் முனையால் குத்தினாற்போல் வரிசையாகத் துளைகள் இருந்தால் உள்ளான்கள் இரை தேடிய இடம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இரண்டுக்கும் இடையே பறவைகளை நகர்த்துவது ஓதம். கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் ஓதம் வற்றும்போது சேறு வெளிப்படும். கருவால் மூக்கன் நீண்ட அலகை வேர்வரை இறக்கிப் புழு எடுக்கும். ஓதம் ஏறியதும் அதே கூட்டம் எழுந்து உப்பளத்து ஆழமில்லாத பாத்திகளுக்கும் வரப்புகளுக்கும் போய் ஒற்றைக்காலில் நிற்கும். ஆக, வற்றும் நேரத்துக்கு ஒரு மறைவிடம், ஏறும் நேரத்துக்கு ஒரு மறைவிடம். ஓத நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். கடலில் வற்றும் நேரமும் ஓடைக்குள் வற்றும் நேரமும் ஒன்றல்ல, ஓடை பிந்தும். நீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி அரைமணி நேரம் பாருங்கள். நீர் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்பது தெரிந்துவிடும். நீங்கள் நடந்து வந்த வழியை ஏறும் நீர் மூடிவிடுமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடைச் சேறு முழங்கால்வரை இழுக்கும்.

பிறகு சூரியன். வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் பூநாரையும் கொக்கும் ஒரே கறுப்பு உருவமாகத்தான் தெரியும். கழுவெளி ஈ.சி.ஆருக்கு மேற்கே இருப்பதால், சாலைப் பக்கமிருந்து போகிறவர்களுக்குக் கிழக்குக் கரை கிடைக்கும். காலைக்கு அது பொருத்தம். மாலையில் அதே இடம் உதவாது, மேற்குக் கரைக்குச் சுற்றிப் போக வேண்டும்.

காற்று விஷயத்தில் வேட்டைக்காரர் பாடத்தைத் திருப்பிப் போட வேண்டும். மானுக்கு மோப்பம் பலம், அதனால் அவர்கள் காற்று தங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருவார்கள். நீர்ப்பறவைக்குக் கண்தான் காவல். அது காற்றை எதிர்த்து இறங்கும், நிற்கும்போதும் காற்றுக்கு முகம் காட்டும். வாடை அடிக்கும் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வடகிழக்கு மூலையில் மேற்கு நோக்கி உட்கார்ந்தால் காற்றும் வெயிலும் ஏறக்குறைய முதுகில். கூட்டம் உங்களைப் பார்த்தபடியே வந்து இறங்கும்.

பரண் வேண்டவே வேண்டாம். காட்டில் உயரம் மறைக்கும். இந்த வெட்டவெளியில் வானத்துக்கு எதிரே நிற்கும் எதுவும் பருந்தைப் போல மிரட்டும். வரப்புச் சரிவில் தாழ உட்காருங்கள். பின்னால் சீமைக் கருவேலமோ பனங்கன்றோ இருந்தால் உடல் உருவம் அதில் கரைந்துவிடும். முன்னால் மறைப்பை விடப் பின்னால் பின்புலம் முக்கியம். புதர் வெட்டி மறைப்புக் கட்டாதீர்கள். மண் நிறத் துணி ஒன்று போதும். இரை தேடும் இடத்துக்கு 100 மீட்டராவது தள்ளியிருங்கள், 8 மடங்கு பைனாகுலருக்கு அது தாராளம். விடியும் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். நீங்கள் பறவையிடம் போவதல்ல, அது உங்களிடம் வர வேண்டும்.

உட்கார்ந்த இடம் சரியா என்பதை ஆள்காட்டி சொல்லும். அது சுற்றிச்சுற்றிக் கத்தினால் நீங்கள் அதன் இடத்தில் இருக்கிறீர்கள், எழுந்து விலகுங்கள். மேய்ந்த கூட்டம் தலை தூக்கி, மேயாமல் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினாலும் அதே பொருள்தான். அடுத்தது பறப்பதுதான். சைபீரியாவரை திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வெட்டிப் பறத்தலும் நட்டம்.

ஒரே இடத்தை ஆண்டு முழுக்க நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கழுவெளி நிரம்பிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும். ஜனவரி முதல் நீர் வடிய வடிய விளிம்பு உள்நோக்கி நகரும். பொங்கலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கூட்டம் மாசியில் கானல்நீருக்குள் புள்ளியாகிவிடும். ஒவ்வொரு முறையும் விளிம்பைப் புதிதாகப் படிக்க வேண்டும். பங்குனிக்குப் பின் நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வரப்போரத்தில் வெறும் தரையிலேயே முட்டையிடும். தாய் எழுந்துபோனால் அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். அந்த மாதங்களில் வரப்பில் உட்காராமல் சாலையோரம் நின்றே பாருங்கள்.