தரைக்கு அடியில் வெதுவெதுப்பு

கேள்வி: ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் அருகே வீடு கட்டுகிறோம். மார்கழிக் குளிரில் டைல்ஸில் கால் வைக்க முடியவில்லை என்கிறார் அம்மா. தரைக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பி பதிக்கலாமா? எத்தனை டிகிரி வைப்பது?

பதில்: வீடு முழுக்க வேண்டாம். உங்கள் பக்கம் குளிர் வாட்டுவது மார்கழி, தை இரவுகளில்தான். பகலில் வெயில் வந்துவிடும். கனமான கான்கிரீட் தரை சூடாகவே சில மணி நேரம் பிடிக்கும். படுக்கும்போது சுவிட்சைப் போட்டால் விடியும் நேரத்தில்தான் இதம் தெரியும். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிடும் 'ஒண்டோல்' முறை வேரூன்றியது, அங்கே குளிர்காலம் மாதக்கணக்கில் நீள்வதால்.

அம்மாவின் அறைக்கு மட்டும் என்றால், டைல்ஸுக்கு நேர் கீழே பதிக்கும் மெல்லிய மின்பாய் போதும், சீக்கிரம் சூடேறும். சூடு கீழே இறங்காமலிருக்க அதற்கடியில் வெப்பத் தடுப்புப் பலகை அவசியம். தரையின் சூடு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. தரையிலேயே சென்சார் உள்ள தெர்மோஸ்டாட் வாங்குங்கள். அம்மா தரையில் மெத்தை விரித்துப் படுப்பவர் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்: மெத்தைக்கடியில் சூடு அடைபட்டுக் கம்பி கெடும், உடம்புக்கும் ஆபத்து. எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் எலெக்ட்ரீஷியனை வேலை தொடங்கவே விடாதீர்கள்.

அதற்கும் முன்னால் கதவடி இடுக்கை அடையுங்கள், கட்டிலருகே தேங்காய் நார்ப் பாய் போடுங்கள். பாதி குளிர் அதிலேயே அடங்கும். மூடிய அறையில் கரி நெருப்பு மட்டும் வைக்காதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.